காளானுக்குக் கார்பன் பற்றாக்குறையா? இஸ்திரிக் கரியைப் போட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது

மாடிக்காளான்_கொருக்குப்பேட்டை | ஜனவரி 11, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று சும்மா கிடந்தது. போன மாதம் அதில் சிப்பிக் காளான் 32 பை கட்டித் தொங்கவிட்டேன். ஒரு பைக்குக் காய்ந்த வைக்கோல் ஒரு கிலோ என்ற கணக்கு. வித்து (வேக வைத்த சோளத்தில் வளர்த்த காளான் இழை) நன்றாகப் பிடித்து, பதினேழாவது நாளில் பை முழுக்க வெள்ளையாகிவிட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மொட்டு விட்ட பிறகுதான் வயிற்றெரிச்சல். கால் மட்டும் விரல் நீளத்துக்கு நீண்டுகொண்டே போகிறது, குடை சட்டைப் பொத்தான் அளவோடு நின்றுவிடுகிறது. மார்க்கெட்டில் வழக்கமாக வாங்குவதாகச் சொன்னவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, நூடுல்ஸா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு வீடியோவில் "காளானுக்கு முக்கிய உணவு கார்பன், அது குறைந்தால் குடை விரியாது" என்று சொன்னார்கள். கார்பன் என்றால் கரிதானே? மச்சான் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார், கரிக்குப் பஞ்சமில்லை. புதிதாகக் கட்டிய நான்கு பைகளில், ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி கரியை உடைத்து வைக்கோலுக்கு நடுவில் போட்டிருக்கிறேன். மீதிப் பைகளுக்கும் போடலாமா? காளான் கார்பனை எங்கிருந்து, எப்படித்தான் எடுக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டு_நண்டு | ஜனவரி 11, இரவு 10.05

கரியைத் தின்று காளான் வளரும் என்றால் எங்கள் பக்கம் ஜன்னல் கம்பியிலேயே முளைத்திருக்க வேண்டும் அண்ணே. காலையில் துடைத்தால் சாயங்காலம் ஒரு விரல் கறுப்பு.

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 11, இரவு 10.31

கரியை மேற்கொண்டு போடாதீர்கள். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. ஒன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வைக்கோல் பையில் கார்பன் பற்றாக்குறை என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. வைக்கோலே முக்கால்வாசி கார்பன் சரக்குதான்.

அறையில் ஜன்னல் எத்தனை? திறந்து வைத்திருக்கிறீர்களா?

மாடிக்காளான்_கொருக்குப்பேட்டை | ஜனவரி 11, இரவு 10.44

ஒரே ஒரு ஜன்னல். கொசு ஒரு பக்கம், கன்டெய்னர் லாரிப் புழுதி ஒரு பக்கம். அதனால் ஜன்னலைப் பாலித்தீன் ஷீட்டால் மூடி டேப் ஒட்டிவிட்டேன். ஈரம் நிற்க வேண்டும் என்றும் சொன்னார்களே. உள்ளே போனால் கொஞ்சம் புழுக்கமாக இருக்கும்.

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 11, இரவு 10.50

ஆ, அங்கேதான் இருக்கிறது விஷயம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்த டேப்பைக் கிழியுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, அதன்மேல் நனைத்த கோணியைத் தொங்கவிடுங்கள். புழுதியும் நிற்கும், ஈரமும் இருக்கும், காற்றும் வரும். காரணத்தை யாராவது படித்தவர்கள் சொல்வார்கள். எனக்குக் கை வைத்தியம்தான் தெரியும்.

மூலக்கடை_டீச்சர் | ஜனவரி 12, காலை 6.15

படித்தவர்கள் என்று கூப்பிட்டதால் வந்தேன். முப்பது வருடம் தாவரவியல் பாடம் எடுத்தவள். காளான் தாவரம் இல்லை என்று சொல்லியே பாதி வருடம் போய்விடும்.

தம்பி, காளானுக்குக் கார்பன் வேண்டும் என்று வீடியோவில் சொன்னது பொய் இல்லை. எந்த உருவத்தில் வேண்டும் என்பதுதான் கேள்வி. நெற்பயிர் வெயிலில் நின்று காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துத் தண்டும் இலையும் கட்டுகிறது. அறுத்து, அடித்து, நெல்லை எடுத்துக்கொண்ட பிறகு நம் கையில் இருக்கும் வைக்கோல் அந்தச் சங்கிலிக் கட்டுதான். அதில் செல்லுலோஸ் 35 முதல் 40 சதவீதம், ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 25, லிக்னின் 10 முதல் 15 வரை. மீதியில் பெரும்பங்கு சாம்பல் சத்து, அதிலும் அதிகம் சிலிக்கா. வைக்கோல் கையை அறுப்பது அந்தச் சிலிக்காவால்தான். கார்பன் என்று தனியாகக் கணக்கெடுத்தால் உலர் எடையில் சுமார் 40 சதவீதம் வரும். வைக்கோல்காரர் சொன்ன முக்கால்வாசி, கார்பன் உள்ள பொருள்களின் கணக்கு. இரண்டும் சரிதான்.

இப்போது காளான் எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். நாம் சோற்றை உள்ளே போட்டுப் பிறகு செரிக்கிறோம். காளான் செரித்துவிட்டுப் பிறகு உள்ளே இழுக்கிறது. அதன் வயிறு வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நூலாகப் பரவுகிறதே, அந்த இழையின் நுனியிலிருந்து நொதிகள் கசிகின்றன. லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் போன்றவை லிக்னினைப் பிரிக்கின்றன. செல்லுலேஸ், சைலனேஸ் கூட்டம் செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் வெட்டி வெட்டிக் குளுக்கோஸ், சைலோஸ் என்ற சின்னச் சர்க்கரைகளாக்குகின்றன. அவை தண்ணீரில் கரையும். இழை அந்தக் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். பையில் ஈரம் இல்லையென்றால் வித்து அப்படியே நின்றுவிடுவது இதனால்தான். கரைத்துக் கொடுக்கத் தண்ணீர் வேண்டும்.

லிக்னினைத் தின்று காளான் கொழுக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லிக்னின் பூட்டு மாதிரி, அதை உடைத்தால் உள்ளே இருக்கும் செல்லுலோஸ் கிடைக்கும். பூட்டை உடைக்கும் இந்தத் திறமை எல்லாப் பூசணத்துக்கும் கிடையாது. சிப்பிக் காளான் வெண் அழுகல் பூசண வகை. மரத்தையே வெளுக்க வைத்து நாராக்கிவிடும். 1917-இல் ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் மரக்கட்டையில்தான் முதலில் வளர்த்தார். நம் நாட்டில் 1962-இல் மைசூரில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள்.

இனி உங்கள் கரிக்கு வருவோம். மரத்தைக் காற்றில்லாமல் சுட்டால் சர்க்கரைச் சங்கிலி எல்லாம் சிதைந்து, கார்பன் அணுக்கள் வளையம் வளையமாக ஒன்றோடொன்று இறுகிவிடும். அதை வெட்டுவதற்குக் காளானின் நொதிக்கு வாகான இடமே கிடையாது. கொஞ்சம் கரையும், மிக மிக மெதுவாக. உங்கள் நாற்பது நாள் கணக்கில் அது பூஜ்யம். எடையில் பார்த்தால் கரியில் கார்பன் வைக்கோலைவிட அதிகம்தான். பூட்டிய இரும்புப் பெட்டியில் பணம் இருந்தால் பசிக்குச் சோறு வாங்க முடியுமா?

மாடிக்காளான்_கொருக்குப்பேட்டை | ஜனவரி 12, காலை 7.02

டீச்சர், இவ்வளவு தெளிவாக எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. ஷீட்டைக் கிழித்துவிட்டேன். ஆனால் காற்று ஏன்? கால் நீளுவதற்கும் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம்?

தண்டையார்பேட்டை_வெல்லம் | ஜனவரி 12, காலை 9.20

சர்க்கரைதான் வேண்டும் என்று டீச்சரே சொல்லிவிட்டார். நான் வைக்கோல் ஊறவைக்கும் டிரம்மில் அரைக் கிலோ வெல்லம் கரைத்து ஊற்றுகிறேன். வித்து இரண்டு நாள் முன்னதாகவே பரவுகிறது. நேரடியாகச் சர்க்கரையே கொடுத்தால் அது எதற்கு வெட்டிக்கொண்டு உட்கார வேண்டும்?

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 12, காலை 11.48

வெல்லம் அண்ணே, கோபிக்கக் கூடாது. நீங்கள் எத்தனை பை போடுகிறீர்கள்?

தண்டையார்பேட்டை_வெல்லம் | ஜனவரி 12, பகல் 12.10

ஆறு பை. வீட்டுக்கு மட்டும்.

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 12, பகல் 12.55

அதுதான் தப்பித்தீர்கள். நானும் ஆரம்பத்தில் இதைச் செய்தவன். சர்க்கரைப்பாகு இல்லை, அரிசி ஆலையில் கிடைத்த தவிட்டைப் பாதி வெந்தும் வேகாமலும் அள்ளிப் போட்டேன். ஐந்தாம் நாள் வெள்ளை, ஆறாம் நாள் இன்னும் வெள்ளை, நமக்கு ஒரே சந்தோஷம். எட்டாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சை. பச்சைப் பூசணம். நாற்பது பையையும் அன்றைக்கே வெளியே கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடினேன். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

வெல்லமோ சர்க்கரையோ நம் காளானுக்கு மட்டுமா பிடிக்கும்? காற்றில் பறக்கிற எல்லா வித்துக்கும் பிடிக்கும். அவை நம் ஆளைவிட வேகமாக ஓடும். வைக்கோலை நான்கைந்து மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் வேக வைக்கிறோமே, எதற்கு? ஊறின தண்ணீர் டீக்கஷாயம் நிறத்தில் இருக்கும். லேசில் கரையக்கூடிய சர்க்கரை எல்லாம் அதில் போய்விடுகிறது. மிச்சம் நிற்பது கடினமான சரக்கு. அதை நன்றாகத் தின்னத் தெரிந்த சிலரில் நம்முடைய ஆள் ஒருவன். விருந்தைக் குறைத்தால் வேண்டாத விருந்தாளி வரமாட்டான்.

அதே காரணத்துக்காக மழையில் நனைந்து கறுத்த வைக்கோலையும் வாங்காதீர்கள். விலை குறைவுதான். ஆனால் அதை ஏற்கெனவே வேறு பூசணம் பாதி சாப்பிட்டுவிட்டது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் தை அறுவடை ஆனதும் பொன் நிறத்தில் மடமடவென்று உடையும் வைக்கோல் வரும். அதை வாங்கிப் பரணில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை_வெல்லம் | ஜனவரி 12, பகல் 1.30

பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் போல.

புதுவண்ணை_தராசு | ஜனவரி 12, இரவு 8.15

கால் ஏன் நீளுகிறது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நான் மீன் வியாபாரம். கையில் எப்போதும் எலக்ட்ரானிக் தராசு உண்டு. போன வருடம் ஒரு பையை மட்டும் தனியாக வைத்து எல்லாவற்றையும் நிறுத்து எழுதினேன். வீட்டில் பைத்தியம் என்றார்கள்.

போட்ட காய்ந்த வைக்கோல் 1,000 கிராம். மூன்று அறுவடையில் பறித்த காளான் மொத்தம் 780 கிராம், பச்சை எடை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஆகவே உலர் எடை சுமார் 78 கிராம். எல்லாம் முடிந்த பிறகு பையைப் பிரித்து, மிஞ்சிய வைக்கோலை மாடியில் நான்கு நாள் வெயிலில் காயவைத்து நிறுத்தேன். 560 கிராம்.

கூட்டிப் பாருங்கள். 560-உம் 78-உம் 638. மீதி 362 கிராம் எங்கே? பை கிழியவில்லை, எலி தின்னவில்லை. மூன்று நாள் யோசித்தேன். காளான் மூச்சாக விட்டிருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

மூலக்கடை_டீச்சர் | ஜனவரி 12, இரவு 9.30

தராசு சார், உங்களைப் போல நான்கு பேர் என் வகுப்பில் இருந்திருந்தால் நான் ஓய்வே பெற்றிருக்க மாட்டேன்.

உங்கள் எண்ணை வைத்தே கார்பனைப் பிரிக்கலாம். உள்ளே போனது சுமார் 400 கிராம் கார்பன். காளானில் ஏறியது 78 கிராமில் சுமார் 33. சாம்பல் சத்து எங்கும் போகாது, அது மிச்ச வைக்கோலில் அப்படியே நிற்கும். அதைக் கழித்துப் பார்த்தால் மிச்சத்தில் உள்ள கார்பன் சுமார் 190. ஆக 170-க்கு மேற்பட்ட கிராம் கார்பன் காற்றில் போயிருக்கிறது. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. அப்படியானால் ஒரு பையிலிருந்து 600 கிராமுக்கு மேல் வாயு. நாம் பறித்து விற்றது உள்ளே போன கார்பனில் நூற்றுக்கு எட்டு. அதைப்போல ஐந்து மடங்கு மூச்சாகப் போயிற்று.

இழைக்குள் போன குளுக்கோஸில் ஒரு பங்கு உடம்பு கட்டப் போகிறது. கைட்டினும் குளுக்கானும் சேர்ந்த செல் சுவர், புரதம், கொழுப்பு, அப்புறம் டிரெஹலோஸ், மானிட்டால் என்ற சேமிப்புச் சர்க்கரைகள். பைக்குள் எங்கோ மூலையில் செரித்த சர்க்கரை, இந்த டிரெஹலோஸ், மானிட்டால் வடிவில்தான் இழை வழியே ஓடி மொட்டுக்கு வந்து சேருகிறது. இன்னொரு பங்கு, ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து சக்தி தருகிறது. மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், சூடு. பை பரவும் நாளில் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்போது தம்பியின் அறை. 32 பை, ஒவ்வொன்றும் 600 கிராம், 45 நாள். ஒரு நாளைக்குச் சராசரியாக 430 கிராம் வாயு, கிட்டத்தட்ட 240 லிட்டர். பத்துக்குப் பத்து அறை, ஒன்பது அடி உயரம் என்றால் 25,000 லிட்டர் காற்று. ஜன்னலை டேப் போட்டு ஒட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு வாயு) ஏறும். வெளிக்காற்றிலேயே 420 இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சிப்பிக் காளான் மொட்டு விடும் நேரத்தில் ஆயிரத்துக்குள் இருப்பது நல்லது. மேலே போனால் "இன்னும் நான் வைக்கோலுக்குள்ளேதான் புதைந்திருக்கிறேன்" என்று அதற்குத் தோன்றும் போல, காற்றைத் தேடிக் கழுத்தை நீட்டும். குடை விரிப்பது வெளியே வந்த பிறகு செய்யும் வேலை. வித்து பரவும் நாளில் மட்டும் இந்தக் கவலை வேண்டாம், அப்போது அது இதைவிட நிறைய வாயுவைத் தாங்கும்.

ஆக உங்கள் அறையில் கார்பன் குறைவே இல்லை தம்பி. வெளியே போக வழியில்லாமல் அதிகமாகி நின்றதுதான் பிரச்சினை.

காசிமேட்டு_நண்டு | ஜனவரி 12, இரவு 9.52

அப்படியானால் 32 பை மூச்சு ஒரு ஆள் மூச்சு அளவு வருமா?

மூலக்கடை_டீச்சர் | ஜனவரி 12, இரவு 10.01

ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ வாயு விடுவார். இது அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அரை ஆளைப் பூட்டி வைத்த மாதிரி.

வியாசர்பாடி_பிஎஸ்சி | ஜனவரி 13, காலை 8.40

தராசு அண்ணன் கணக்கில் ஒரு ஓட்டை. வித்தும் உள்ளே போயிருக்கிறதே? அது வேக வைத்த சோளம். அதிலும் கார்பன் உண்டு. சேர்க்கவில்லை.

புதுவண்ணை_தராசு | ஜனவரி 13, காலை 10.22

பிடித்துவிட்டாயே தம்பி. உண்மை. பைக்கு 100 கிராம் வித்து போட்டேன், ஈரம் போக ஐம்பது கிராம் சோளம் என்று வை. அப்படியானால் காணாமல் போனது 362 இல்லை, 410 பக்கம். மூச்சுக் கணக்கு இன்னும் ஏறுகிறது. வெயிலில் காய்ந்ததிலும் கொஞ்சம் ஈரம் நிற்கும், ஆனால் முதலில் நிறுத்த வைக்கோலும் அதே வெயிலில் காய்ந்ததுதான்.

வியாசர்பாடி_பிஎஸ்சி | ஜனவரி 13, காலை 10.40

இன்னொரு சந்தேகம் மேடம். அறை முழுக்கக் கரியமில வாயு இருக்கிறது. காளான் அதிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? வைக்கோலிலிருந்துதான் வந்தது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறார்கள்?

மூலக்கடை_டீச்சர் | ஜனவரி 13, மாலை 5.10

நல்ல கேள்வி. பச்சையம் இல்லாததால் காற்றை வைத்துப் பிழைக்க அதற்கு வழியில்லை. செல்லுக்குள் நடக்கும் சில வினைகளில் துளி வாயுவைத் திருப்பி இழுத்துக்கொள்ளும், அது நம் உடம்பிலும் நடக்கிறது. வயிறு நிறையாது.

நிரூபணம் என்றால் கரும்புச் சக்கையில் இருக்கிறது. கார்பனில் எடை 12, எடை 13 என்று நிலையான இரண்டு வகை உண்டு. 13 நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான். நெல் ஒரு விதமாக ஒளிச்சேர்க்கை செய்யும், கரும்பும் மக்காச்சோளமும் வேறு விதம். அதனால் நெல்லில் 13 குறைவாகவும் கரும்பில் அதைவிட அதிகமாகவும் சேரும். விஞ்ஞானிகள் இதை ஒரு பொது அளவோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு இத்தனை கூட அல்லது குறைவு என்று எழுதுவார்கள்: நெல் சுமார் கழித்தல் 27, கரும்பு சுமார் கழித்தல் 12. காளானை எதில் வளர்த்தாலும் அதன் எண் அந்தத் தீனியின் எண்ணை ஒட்டியே வரும், கொஞ்சம் மேலே கீழே. வைக்கோலில் வளர்ந்தது நெல் மாதிரி, சக்கையில் வளர்ந்தது கரும்பு மாதிரி. ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கி, ஒரே காற்றைச் சுவாசித்தாலும் அப்படித்தான்.

தண்டையார்பேட்டை_வெல்லம் | ஜனவரி 13, மாலை 6.00

வெல்லத்தைத்தான் வேண்டாம் என்றீர்கள். ஜூஸ் கடையில் தினமும் சக்கை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போடுகிறார்கள். அதில் வளர்க்கலாமா?

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 13, இரவு 7.35

வளர்க்கலாம். ஆனால் கடைச் சக்கையில் சாறு மிச்சம் இருக்கும். அன்றைக்கே கொண்டுவந்து, தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை அலசி, நன்றாக வேக வையுங்கள். ஒரு நாள் தாமதித்தால் புளித்த வாடை வரும், அதை எடுக்காதீர்கள். நான் பாதிச் சக்கை, பாதி வைக்கோல் கலந்து பார்த்திருக்கிறேன். மோசமில்லை.

மாடிக்காளான்_கொருக்குப்பேட்டை | ஜனவரி 14, இரவு 8.20

பொங்கல் வேலையில் வர முடியவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. நூற்றுக்கு எட்டுப் பங்கு கார்பன்தான் காளானாகிறது, பாதி வைக்கோல் அப்படியே மிஞ்சுகிறது என்றால், இன்னும் நிறையக் காளான் வர வேண்டுமே? மூன்று அறுவடையோடு ஏன் நின்றுவிடுகிறது? தீனி தீரவில்லையே?

மூலக்கடை_டீச்சர் | ஜனவரி 15, காலை 6.40

இந்தப் பேச்சிலேயே நல்ல கேள்வி இதுதான். பதில்: சோறு இருக்கிறது, பருப்பு தீர்ந்துவிட்டது.

வைக்கோலில் நைட்ரஜன் மிகக் குறைவு, 0.6 சதவீதம் பக்கம். கார்பனை அதனால் வகுத்தால் அறுபது, எழுபதுக்கு ஒன்று என்ற விகிதம் வரும். ஒரு கிலோவில் மொத்தமே 6 கிராம் நைட்ரஜன். உலர்ந்த காளானிலோ 3 முதல் 4 சதவீதம் நைட்ரஜன். தராசு சார் பறித்த 78 கிராமில் ஏறத்தாழ 2.7 கிராம் போய்விட்டது. பாருங்கள், கார்பனில் நூற்றுக்கு எட்டுதான் எடுத்தோம், நைட்ரஜனில் கிட்டத்தட்ட பாதியை எடுத்துவிட்டோம். மிச்சத்தில் பெரும்பங்கு பைக்குள் இருக்கும் இழையின் உடம்பிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய இழையைக் கரைத்துப் புதிய நுனிக்கு அனுப்பிச் சமாளிக்கும், ஆனாலும் அறுவடைக்கு அறுவடை இறங்கிக்கொண்டே வரும். சுலபமாக வெட்டக்கூடிய செல்லுலோஸும் அதற்குள் குறைந்துவிடும்.

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 15, காலை 9.15

அதற்குத்தான் தவிடு. இப்போதும் போடுகிறேன், ஆனால் அளவாக. காய்ந்த வைக்கோல் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போவதில்லை. வைக்கோலோடு சேர்த்து நன்றாக ஆவியில் வேக வைத்த பிறகுதான். ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம், இரண்டு கைப்பிடி கூட வராது. அதற்கே முதல் அறுவடை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடும். வெயில் காலத்தில் அதையும் நிறுத்திவிடுவேன், பை உள்ளே சூடேறிப் பச்சை வந்துவிடும்.

உங்களுக்கு முதல் வருடம், தம்பி. தவிடே வேண்டாம். வெறும் வைக்கோலில் கை பழகட்டும்.

எண்ணூர்_பால்காளான் | ஜனவரி 15, பகல் 3.30

நான் பால் காளான் போடுகிறேன். வித்து பரவிய பிறகு மேலே இரண்டு விரல் கனத்துக்கு வேக வைத்த மண் போட்டு மூடுகிறோம். அந்த மண்ணிலிருந்தும் கார்பன் எடுக்குமா? செம்மண்ணா, தோட்ட மண்ணா என்று கடைக்காரர் ஆளுக்கொன்று சொல்கிறார்.

மூலக்கடை_டீச்சர் | ஜனவரி 15, மாலை 4.10

எடுக்காது. அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கவும், மொட்டு கட்ட ஒரு தளம் கொடுக்கவும்தான். தீனி எல்லாம் கீழே இருக்கும் வைக்கோலில். சொல்லப்போனால் மண்ணில் சத்து குறைவாக இருப்பதே நல்லது. எரு கலந்த மண்ணைப் போட்டால் வேறு பூசணம் குடியேறும். மார்ச்சுக்கு மேல் நம் ஊர்ச் சூட்டுக்கு இந்தக் காளான்தான் சரி, முப்பது முப்பத்தைந்து டிகிரியில் ஜம்மென்று வரும். கொருக்குப்பேட்டைத் தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

மாதவரம்_எருமை | ஜனவரி 16, காலை 5.50

காளான் எடுத்த பிறகு வைக்கோலை என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் நான்கு எருமை.

செங்குன்றம்_வைக்கோல்காரன் | ஜனவரி 16, காலை 8.05

பச்சை, கறுப்பு எதுவும் பிடிக்காத சுத்தமான பையாக இருந்தால், வெயிலில் காயவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தில் கலக்கலாம். பூட்டைக் காளானே உடைத்துக் கொடுத்துவிட்டதால் மாட்டுக்குச் செரிப்பது சுலபம். ஆனால் வைக்கோலை வேக வைக்காமல் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாட்டுக்கு வைக்காதீர்கள். அது மண்புழு உரத்துக்கு மட்டும்.

மாடிக்காளான்_கொருக்குப்பேட்டை | பிப்ரவரி 20, இரவு 9.15

ஒரு மாதம் கழித்து வருகிறேன். கொசுவலையும் நனைந்த கோணியும் போட்டு, எதிர்ச் சுவரில் மேலே இரண்டு செங்கல்லை எடுத்துவிட்டேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிடுகிறேன். நான்காம் நாள் வந்த மொட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. கால் கட்டைவிரல் கனத்துக்குக் குட்டையாக, குடை உள்ளங்கை அகலத்துக்கு. நூடுல்ஸ் என்று சொன்னவரே வந்து வாங்கிப் போகிறார். முன்னே சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

கரி போட்ட நான்கு பையையும் தனியாக நிறுத்து எழுதினேன், தராசு அண்ணன் புண்ணியத்தில். நான்கிலும் சேர்த்து 2 கிலோ 900. அதே நாளில் கட்டிய கரி போடாத நான்கு பையில் 2 கிலோ 950. நேற்று பிரித்துப் பார்த்தேன். வைக்கோல் பஞ்சு மாதிரி வெளுத்து, கையில் எடுத்தால் பொடிந்து போகிறது. நடுவில் கரித்துண்டுகள் மட்டும் போட்டது போட்டபடி, உடைத்த முனைகூட மழுங்கவில்லை. மேலே லேசாக வெள்ளை நூல் படர்ந்திருந்தது, துடைத்ததும் போய்விட்டது. எல்லாவற்றையும் பொறுக்கி அலசி மாடியில் காயப்போட்டேன். காலையில் பார்த்தால் காணோம். மச்சான் எடுத்துப் போய் இஸ்திரிப் பெட்டியில் போட்டுவிட்டார். நன்றாகவே கனிந்ததாம். காளான் வாசனை மட்டும் கொஞ்சம் வந்ததாகச் சொன்னார்.